செப்பமான எண்ணும் அண்ணளவான எண்ணும்

பத்திலொன்றை நாம் 0.1 என எளிதில் எழுதிவிடுகிறோம். கணினிக்கு அது எளிதன்று. சுழியம், ஒன்று என்னும் இரண்டு இலக்கங்களே அதற்குரியவை. அவ்விரண்டைக் கொண்டு பத்திலொன்றை எழுதப் புகுந்தால், தசமத்தில் மூன்றிலொன்றைப் போல அது முடிவின்றி நீளும். ஓரிடத்தில் நிறுத்தியே ஆகவேண்டும். ஆதலின், 0.1 உடன் 0.2 ஐக் கூட்டுமிடத்து 0.30000000000000004 என விடை வருவதுண்டு.

இதுபற்றியே, தரவுத்தளங்களுக்குரிய எஸ்.கியூ.எல். மொழியின் 1992ஆம் ஆண்டு நியமம் எண்களைச் செப்பமானவை, அண்ணளவானவை எனப் பிரித்துரைக்கின்றது. நியூமெரிக், டெசிமல், இன்ரிஜர் என்பன முன்னைய வகை. ரியல், புளோட் முதலியன பின்னைய வகை. வெப்பநிலை, தூரம் போன்ற அளவைகளுக்குப் பின்னையதே போதும். அளக்குங் கருவியே சிறு வழு உடையதன்றோ!

பணத்தின் கதை வேறு. 24 துவித இலக்கங்களைப் பேணும் ரியல் வகையில் 16,777,217 ரூபாவைப் பதிந்தால், 16,777,216 ரூபாவே நிலைக்கும். திருடியவர் எவருமிலர், எச்சரிக்கையும் எழாது, ஒரு ரூபா மறைந்துவிடும். போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்தின் கையேடு பணத்துக்கு நியூமெரிக் வகையையே விதந்துரைக்கிறது. அதிற் கணிப்பு மெதுவாகவே நடைபெறும் என்பதையும் அது மறைக்கவில்லை. அண்ணளவான இரண்டு எண்கள் சமமா என ஒப்பிடுவது எப்போதும் எதிர்பார்த்தவாறு அமையாதென்றும் கூறுகிறது.

எனினும், நியூமெரிக்கிலும் மூன்றிலொன்று முழுமையாக அடங்காது. குறித்த தசம இடங்கள்வரையுமே அதன் செப்பம். ஒரு ரூபாவை மூவருக்குப் பங்கிட்டபின் எஞ்சும் ஒரு சதம் எவருக்கு என்பதைக் கணக்கு வைப்போரே முன்கூட்டி விதித்துவைத்தல் வேண்டும்.