திறந்த மூல மென்பொருள் சமூகங்களின் உரையாடல் தளத் தேர்வு: முகவரி, பதிவு, நுழைவு

ஆய்வுச்சுருக்கம்

திறந்த மூல மென்பொருளை உருவாக்குவோர் பெரும்பாலும் ஒருவரையொருவர் நேரிற் காணாதவர்கள். அவர்கள் கூடி முடிவெடுக்கும் இடம் இணைய உரையாடல் தளமே ஆகும். அதனைத் தேர்ந்தெடுக்கும்போது வசதிகளை ஒப்பிடுவது மட்டும் போதாது. தளத்தின் முகவரி யார் கையில் உள்ளது, பேசியவற்றின் பதிவு யாரிடம் எஞ்சும், புதியவர் நுழைவது எளிதா என்னும் மூன்று வினாக்களே முதன்மையானவை என்பதை ஃப்ரீநோட், டெபியன், லினக்ஸ் கெர்னல், மொசில்லா ஆகியவற்றின் பட்டறிவு கொண்டு இக்கட்டுரை விளக்குகின்றது.

குறிச்சொற்கள்: திறந்த மூல மென்பொருள், உரையாடல் தளம், மடலாடற்குழு, ஐ.ஆர்.சி., மேட்ரிக்ஸ், காப்பகம்

முன்னுரை

லினஸ் டோர்வால்ட்ஸ் தாம் எழுதிவந்த இயங்குதளம் பற்றி 1991 ஆகஸ்டில் யூஸ்நெட் செய்திக்குழு ஒன்றில் அறிவித்தார். அவ்வறிவிப்பைக் கண்டவர்கள் எழுதிய மறுமொழிகளும் அனுப்பிய திருத்தங்களுமே பின்னாளில் லினக்ஸ் என்னும் பெருமுயற்சியாக வளர்ந்தன. நிரல் எழுதுவதற்கு இணையாக, நிரலைப் பற்றிப் பேசுவதற்கான இடமும் இத்தகைய முயற்சிகளுக்கு அடிப்படை என்பதை இது காட்டுகின்றது. எனினும், உரிமத்தைத் தெரிவு செய்வதில் மிகுந்த கவனம் செலுத்தும் சமூகங்கள் பல, உரையாடல் தளத்தை அப்போதைய வசதி கருதியே அமைத்துக்கொள்கின்றன. அதன் விளைவு சில ஆண்டுகள் கழித்தே புலப்படும்.

1. இருவகை உரையாடல்

உரையாடல் தளங்களை இரு வகைப்படுத்தலாம். முதல் வகையில் பங்கேற்போர் ஒரே நேரத்தில் இணைப்பில் இருந்து பேசுவர். பின்லாந்தின் ஔலு பல்கலைக்கழகத்தில் 1988இல் யார்க்கோ ஒய்காரினென் உருவாக்கிய ஐ.ஆர்.சி., பின்னர் வந்த ஸ்லாக், டிஸ்கார்ட், மேட்ரிக்ஸ் ஆகியன இவ்வகையின. இரண்டாம் வகையில் ஒருவர் எழுதியதற்கு மற்றவர் தமக்கு இயன்ற நேரத்தில் விடையளிப்பர். மடலாடற்குழுக்களும், டிஸ்கோர்ஸ் போன்ற மென்பொருளால் இயங்கும் கருத்துக்களங்களும் இதில் அடங்கும்.

முதல் வகை ஐயம் தீர்க்கவும் நட்புப் பேணவும் உகந்தது. ஆனால் ஒரு கண்டத்தில் பகலாக இருக்கும்போது பிறிதொரு கண்டத்தில் இரவாக இருப்பதால், உறங்கியவர் விழிக்கும் முன்பே முடிவு எடுக்கப்பட்டுவிடக்கூடும். ஆகவே, பலரைக் கட்டுப்படுத்தும் முடிவுகளுக்கு இரண்டாம் வகையே ஏற்றது. தலைப்புவாரியாக அரட்டையைப் பிரிக்கும் சூலிப் என்னும் மென்பொருள் இவ்விரண்டுக்கும் இடைப்பட்டது. அது 2015இல் திறந்த மூலமாக வெளியிடப்பட்டது.

2. முகவரி யாருக்கு உரியது?

ஃப்ரீநோட் என்னும் ஐ.ஆர்.சி. வலையமைப்பு நெடுங்காலம் திறந்த மூலத் திட்டங்களின் பொதுக்கூடமாக விளங்கியது. வலையமைப்பின் கட்டுப்பாடு யாருக்கு உரியது என்பதில் எழுந்த பிணக்கினால், அதனை நடத்திவந்த தன்னார்வலர்கள் 2021 மே 19ஆம் நாள் கூட்டாக விலகி, லிபரா.சாட் என்னும் புதிய வலையமைப்பைத் தொடங்கினர். பல திட்டங்கள் அங்குப் பெயர்ந்தன. அம்மாதத்தின் இறுதியில், லிபராவின் பெயரைத் தலைப்பு வரியில் குறிப்பிட்டிருந்த நூற்றுக்கணக்கான அறைகளை ஃப்ரீநோட் நிருவாகம் தன்வசப்படுத்தியது. அடுத்த மாதம் வலையமைப்பு புதிய மென்பொருளுக்கு மாறியபோது, பழைய பயனர்பெயர்ப் பதிவுகளும் அறைப் பதிவுகளும் உடன் வரவில்லை.

இங்கு மென்பொருளில் குறையேதும் இல்லை; ஐ.ஆர்.சி. திறந்த நெறிமுறையே. அறையின் பெயரும் அதற்கான வழியும் பிறர் கையில் இருந்தமையே இடர்ப்பாட்டிற்குக் காரணம்.

இதற்கு மாறான சான்று டெபியன் திட்டம். அது தன் உறுப்பினர்களுக்கு வலையமைப்பின் முகவரியை அல்லாமல், தன் பெயரையே தாங்கிய முகவரி ஒன்றை வழங்கியிருந்தது. 2006இல் ஃப்ரீநோடிலிருந்து ஓ.எஃப்.டி.சி. வலையமைப்பிற்கு மாற முடிவு செய்தபோது, அம்முகவரி சுட்டும் இடத்தை மாற்றிக்கொள்ள முடிந்தது. குடிபெயர்ந்த பின்னும் உறுப்பினர்கள் அறிந்த முகவரி அதுவாகவே இருந்தது.

3. பதிவு யாரிடம் எஞ்சும்?

ஒரு நிரற்பகுதி ஏன் இவ்வாறு எழுதப்பட்டது என்பதற்கான விடை பெரும்பாலும் நிரலில் இராது. அதனைப் பற்றி நடந்த விவாதத்தில் இருக்கும். விவாதம் அழிந்தால் காரணமும் அழியும்.

ஸ்லாக் நிறுவனம் கட்டணமில்லாப் பயன்பாட்டில் முன்னர் அண்மைய 10,000 செய்திகளைக் காண இடமளித்தது. 2022 செப்டம்பர் முதல் அவ்வரம்பு 90 நாள்களாக மாறியது. 2024 ஆகஸ்டு முதல், ஓராண்டுக்கு மேற்பட்ட செய்திகள் கட்டணமில்லாக் கணக்குகளிலிருந்து நீக்கப்படும் என்னும் விதி நடைமுறைக்கு வந்தது. டிஸ்கார்டில் செய்திகள் நிலைத்திருப்பினும் அவை பொதுவாகத் தேடுபொறிகளின் பார்வைக்கு வருவதில்லை. ஒரே ஐயத்தைப் புதியவர்கள் மீண்டும் மீண்டும் எழுப்ப நேர்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

லினக்ஸ் கெர்னல் உருவாக்குநர்கள் இன்றும் மின்னஞ்சல் வழியாகவே நிரல் திருத்தங்களை அனுப்பி விவாதிக்கின்றனர். அம்மடல்களின் பொதுக் காப்பகம் கிட் களஞ்சியங்களாக அமைந்துள்ளது. எனவே நிரலைப் படியெடுப்பது போலவே விவாதம் முழுவதையும் எவரும் படியெடுத்து வைத்துக்கொள்ள இயலும். ஒரு வழங்கி நின்றுபோனாலும் பதிவு அழியாது.

4. நுழைவு எளிதா?

முகவரியும் பதிவும் பாதுகாப்பாக இருந்தால் போதும் எனின், எல்லாச் சமூகங்களும் மடலாடற்குழுவோடு நின்றிருக்கலாம். ஆயின் கெர்னல் குழுக்கள் எளிய உரைவடிவ மடல்களையே ஏற்கும். வடிவமைப்புக் கொண்ட எச்.டி.எம்.எல். மடல்களை ஏற்பதில்லை. இதற்குப் பழகாதவருக்கு முதல் மடலே தடையாகிவிடுகின்றது. க்னோம் திட்டம் 2022இல் தன் மடலாடற்குழுக்களை மூடி டிஸ்கோர்ஸுக்கு மாறியது. பைத்தான் மொழியின் உருவாக்குநர் விவாதங்களும் அவ்வாறே பெயர்ந்தன.

இவ்வகையில் மொசில்லாவின் தேர்வுமுறை பயிலத்தக்கது. தன் ஐ.ஆர்.சி. வழங்கியை நிறுத்தப்போவதாக அது 2019 ஏப்ரலில் அறிவித்தது. அடையாள உறுதிப்பாடு இல்லாத தளத்தில் தொல்லை தருவோரைத் தடுத்தல் அரிது, புதியவருக்கு நுழைவு கடினம் என்பன காரணங்கள். அணுகல்தன்மை, மட்டுறுத்தற் கருவிகள், நடத்தை நெறிகளைச் செயற்படுத்தும் வாய்ப்பு முதலியன அளவுகோல்களாகக் கொள்ளப்பட்டன. மேட்டர்மோஸ்ட், மேட்ரிக்ஸ், ராக்கெட்.சாட், ஸ்லாக் ஆகிய நான்கும் ஆராயப்பட்டு, அவ்வாண்டு டிசம்பரில் மேட்ரிக்ஸ் தெரிவாயிற்று. பழைய வழங்கி 2020 மார்ச்சில் மூடப்பட்டது.

மொசில்லா புதிய வழங்கியைத் தானே நடத்தாமல் பிறர் நடத்தும் சேவையாகப் பெற்றது என்பது கருதத்தக்கது. வழங்கியைப் பராமரித்தல் தொடர் உழைப்பைக் கோருவது. அவ்வுழைப்பைத் தர ஆளில்லாத சிறு சமூகம், தானே நடத்தும் தளத்தையும் இழக்க நேரிடலாம். சேவையை வாடகைக்குப் பெறினும், நெறிமுறை திறந்ததாகவும் முகவரி தன்னுடையதாகவும் இருப்பின் வெளியேறும் வழி அடைபடாது.

முடிவுரை

மேற்கண்டவற்றால் சில வரையறைகள் பெறப்படுகின்றன. முகவரியைச் சமூகத்தின் பெயரிலேயே பதிதல் வேண்டும். செலவு குறைந்த இக்காப்பை எச்சமூகமும் மேற்கொள்ளலாம். உடனடி உரையாடல் எங்கு நிகழினும், முடிவுகளும் அவற்றுக்கான காரணங்களும் தேடிப் படிக்கவும் படியெடுக்கவும் இயலும் பொதுப் பதிவில் எழுதப்பட வேண்டும். புதியவர் ஒருவரைக் கொண்டு நுழைவைச் சோதித்தறிதல் வேண்டும். இவை நிறைவுற்ற பின்னரே பிற வசதிகளை ஒப்பிடுதல் பயன் தரும்.

திறந்த மூல உரிமம், நிரலைப் படியெடுத்துக்கொண்டு வேறிடத்தில் பணியைத் தொடரும் உரிமையை எவருக்கும் அளிக்கின்றது. அந்நிரலை உருவாக்கிய உரையாடலுக்கும் அதே உரிமை கிட்டுமா என்பதைத் தளத்தின் தேர்வே முடிவு செய்கின்றது. ஆதலின் அத்தேர்வு, உரிமத் தேர்வுக்குரிய அதே கவனத்தைப் பெறத் தக்கது.