மேற்கோள் எண்ணிக்கையும் ஆய்வின் பயனும்: ஒரு கதிர்ச்சிகிச்சை அறிஞரின் பணியை முன்வைத்துச் சில குறிப்புகள்

ஓர் அறிஞரின் ஆய்வுப்பணியை மதிப்பிடுவது எங்ஙனம் என்னும் வினா, இன்று பல்கலைக்கழகங்களில் எண்களால் விடைகூறப்படும் வினாவாகிவிட்டது. எத்தனை கட்டுரைகள் எழுதினார், அவை எத்தனை தடவை பிறரால் மேற்கோள் காட்டப்பட்டன என்னும் இரு கணக்குகளும் நியமனத்துக்கும் பதவியுயர்வுக்கும் அளவுகோல்களாகக் கொள்ளப்படுகின்றன. இவ்வளவுகோல் எதனை அளக்கின்றது, எதனை அளக்காது விடுகின்றது என்பதைப் புற்றுநோய்க் கதிர்ச்சிகிச்சைத் துறை அறிஞர் ஒருவரின் பணிகொண்டு இங்கு நோக்குவோம்.

அளவுகோலுக்கும் ஒரு வரலாறு உண்டு. 1955 இல் அமெரிக்கரான யூஜின் கார்பீல்ட், விஞ்ஞானக் கட்டுரைகளுக்கு மேற்கோள் அட்டவணை ஒன்று வேண்டுமென 'சயன்ஸ்' இதழில் எழுதினார். ஒரு கருத்து பின்வந்தோரால் எவ்வாறு ஏற்கவும் மறுக்கவும் பட்டது என்பதை வாசகன் தேடியறிதற்கான கருவியாகவே அவர் அதனைக் கருதினார். 2005 இல் பௌதிகவியலாளர் ஜோர்ஜ் ஹேர்ஷ் 'எச்' சுட்டெண்ணை முன்மொழிந்தார். ஒருவரின் கட்டுரைகளுள் ஆகக்கூடியது நாற்பது, தலா நாற்பது தடவையேனும் மேற்கோள் காட்டப்பட்டிருப்பின் அவரது சுட்டெண் 40 ஆகும். தேடற்கருவியாகத் தோன்றியது, காலப்போக்கில் ஆளை நிறுக்கும் தராசாயிற்று.

இனி, இலண்டன் புற்றுநோய் ஆய்வு நிறுவகத்துப் பேராசிரியர் ஜோன் யார்னோல்டின் பணிக்கு வருவோம். மார்பகப் புற்றுநோய்க்கு அறுவைச் சிகிச்சை பெற்ற பெண்களுக்கு, 50 கிறே கதிர்வீச்சை 25 தவணைகளாக ஐந்து வாரங்களில் வழங்குவதே நெடுங்கால வழக்கமாயிருந்தது. தவணை பெரிதானால் நலமான இழையங்கள் கூடுதலாகச் சேதமுறும் என்பது அதன் அடிப்படை. மார்பகப் புற்றுநோயும் தவணையின் அளவுக்குக் கூருணர்வுடையதாயின், மொத்த அளவைக் குறைத்துத் தவணைகளையும் குறைக்கலாமே என்பதே யார்னோல்டும் அவர்தம் சகாக்களும் எழுப்பிய வினா. 1986 இல் தொடங்கிய முதற்பரிசோதனையில் 1410 பெண்கள் பங்குகொண்டனர். 1999 முதல் 2001 வரை 2215 பெண்களைச் சேர்த்த பரிசோதனையொன்று, 25 தவணைகளையும் 40 கிறே கொண்ட 15 தவணைகளையும் ஒப்பிட்டது. 2013 இல் வெளியான பத்தாண்டு முடிவின்படி, மார்பிலும் அண்டைய நிணநீர்க் கணுக்களிலும் நோய் மீண்டோர் முறையே 5.5, 4.3 சதவீதத்தினர். 97 வைத்தியசாலைகளில் 4096 நோயாளர் பங்குகொண்ட அடுத்த பரிசோதனை, ஒரே வாரத்தில் 26 கிறேயை ஐந்து தவணைகளில் வழங்குவது மூன்று வாரச் சிகிச்சைக்குத் தாழ்ந்ததன்று என 2020 இல் காட்டிற்று.

இப்பணியைச் சுட்டெண்ணால் நிறுத்துப் பார்ப்பின் மூன்று உண்மைகள் புலனாகும். முதலாவது, காலம் பற்றியது. பத்தாண்டு காத்திருந்தே விடைகாணத்தக்க வினாவை எடுத்துக்கொள்பவர், ஆண்டுதோறும் கட்டுரை எண்ணுவோரின் கணக்கில் நெடுங்காலம் வெறுங்கையராகவே தோன்றுவார். இரண்டாவது, உழைப்பின் கூட்டுத்தன்மை. 1999 இல் தொடங்கிய பரிசோதனையின் 2008 ஆம் ஆண்டுக் கட்டுரைகள் பரிசோதனைக் குழுவின் பெயரையே முன்னிறுத்தி வெளிவந்தன. கதிரியக்கர், தாதியர், புள்ளிவிபரவியலாளர், தம் உடலையே பரிசோதனைக்கு ஒப்புக்கொடுத்த பெண்கள் ஆகியோரின் கூட்டுழைப்பைச் சுட்டெண் தனிமனித உடைமையாக மாற்றுகின்றது.

மூன்றாவதே முதன்மையானது. மார்க்சியம் பண்டத்தின் பயன்மதிப்பையும் பரிவர்த்தனை மதிப்பையும் வேறுபடுத்திக் காட்டும். மேற்கோள் என்பது அறிவின் பரிவர்த்தனை மதிப்பு. நோயாளிக்குக் குறைந்த இருபது பயணங்களே அதன் பயன்மதிப்பு. இரண்டும் ஒன்றாய் நடப்பதில்லை. பிரித்தானியாவில் 2009 இல் 15 தவணைகளே பரிந்துரைக்கப்பட்ட முறையாயின. கனடாவிலும் 1234 பெண்களிடையே நடந்த பரிசோதனை 16 தவணைகளுக்கு ஆதரவான முடிவையே தந்தது. ஆயினும் ஐக்கிய அமெரிக்காவில், தனியார் காப்புறுதி பெற்ற பெண்களுள் குறுகியமுறைக்குப் பொருத்தமானோரில் 2008 இல் 10.6 சதவீதத்தினரும் 2013 இல் 34.5 சதவீதத்தினருமே அதனைப் பெற்றனர். மருத்துவரின் பழக்கமும் ஐயமும் இதற்குக் காரணங்களாயிருக்கலாம். ஆனால், தவணைக்குத் தவணை கட்டணம் பெறும் அமைப்பில் குறைந்த தவணை என்பது குறைந்த வருமானம் என்பதையும் மறத்தலாகாது. கட்டுரையை மேற்கோள் காட்டுவதற்குச் செலவில்லை. அதன்படி ஒழுகுவதற்கே செலவுண்டு.

மேற்கோட் கணக்கு பயனற்றது என்பது எமது வாதமன்று. ஒரு கருத்து அறிஞரிடையே பரவிய வழியை அது காட்டும். அப்பால், வைத்தியசாலை வாயில்வரை அது வாராது. கதிர்ச்சிகிச்சை இயந்திரங்கள் அருகிய நாடுகளில், ஒரு பெண்ணுக்கு வேண்டியிருந்த 25 தவணைகளில் இனி ஐவருக்குச் சிகிச்சையளிக்கலாம். வரிசையில் காத்திருப்போருக்கு இதைவிடப் பெரிய ஆய்வுப்பயன் யாதுளது? இலக்கிய ஆய்வையும் இதே தராசில் நிறுக்க முற்படும் இக்காலத்தில், எம்மை எத்தனை பேர் எடுத்துக்காட்டினர் என்பதோடு, எம் ஆய்வால் யாருடைய சுமை குறைந்தது என்ற வினாவையும் நாம் எழுப்பியாகவேண்டும்.