துடைத்த இடம் எவ்வளவு நேரம் ஈரமாக இருக்கிறது?

புனே அருகே, சிஞ்ச்வட்டை ஒட்டிய பிம்ப்ரியில் 1954இல் தொடங்கப்பட்ட இந்துஸ்தான் ஆன்டிபயாடிக்ஸ், நாட்டின் முதல் அரசு மருந்து நிறுவனம். பென்சிலினை ஏழைக்கும் எட்டச் செய்தது அது. இன்றோ பென்சிலின் வகை மருந்துகளுக்கு மசியாத எம்.ஆர்.எஸ்.ஏ. போன்ற கிருமிகள் காய்ந்த மேசையிலும் கட்டில் கம்பியிலும் மாதக்கணக்கில்கூட உயிரோடு இருக்கின்றன. மருந்து தோற்கிற இடத்தில் துடைக்கும் துணிக்கு மதிப்பு கூடுகிறது. ஆனால், கிளினிக்குக்கு வைப்ஸ் எனும் கிருமிநாசினி தோய்த்த துணிகளை வாங்குபவர்கள் பெரும்பாலும் "எது ஸ்ட்ராங்?" என்றுதான் கேட்கிறார்கள். துடைத்த இடம் எவ்வளவு நேரம் ஈரமாக இருக்கும் என்பதே முதல் கேள்வியாக இருக்க வேண்டும்.

எந்தக் கிருமிநாசினியும் தொட்டவுடன் கொல்வதில்லை. லேபிளில் மூன்று நிமிடம் என்றிருந்தால், பரப்பு அந்த மூன்று நிமிடமும் நனைந்திருக்க வேண்டும். 70 சதவீத ஆல்கஹால் ஸ்டெதஸ்கோப்பின் வட்டத்துக்குப் போதும். கிருமியின் புரதத்தைச் சிதைக்கத் தண்ணீரும் வேண்டும் என்பதால்தான் 99 சதவீதத்தைவிட அது நன்றாக வேலை செய்கிறது. பரிசோதனைக் கட்டிலில் தேய்த்தாலோ பார்த்துக்கொண்டிருக்கும்போதே காய்ந்துவிடும். அங்கே குவாட்டர்னரி அம்மோனியம் வகை பொருந்தும். ஆனால் சாதாரணப் பருத்தித் துணியை அதில் நனைத்தால் மருந்தில் ஒரு பங்கைப் பஞ்சே பிடித்து வைத்துக்கொள்ளும். சி.டிஃப் கிருமியின் வித்துகளுக்கு ஆல்கஹாலும் பயனில்லை, குவாட்டர்னரி அம்மோனியமும் பயனில்லை, குளோரின் போன்றது வேண்டும். குளோரின் எஃகை அரிக்கும், ஆல்கஹால் இன்குபேட்டரின் அக்ரிலிக்கில் விரிசலை உண்டாக்கும். ஆகவே கருவியோடு வரும் கையேட்டைப் பார்க்காமல் எதையும் வாங்கக் கூடாது. உடலுக்குள் போகும் கத்தி, கத்தரிக்கு எந்த வைப்ஸும் போதாது. அவற்றை ஆட்டோகிளேவில்தான் வைக்க வேண்டும்.

சின்ன கிளினிக்குக்கு இவ்வளவு செலவு கட்டுப்படியாகுமா, ஸ்பிரிட்டும் பஞ்சும் போதாதா என்பது நியாயமான கேள்வி. சிறிய, வழுவழுப்பான கருவிகளுக்குப் போதும். ரத்தமோ சளியோ படிந்த இடத்தில் முதலில் அழுக்கை எடுக்காவிட்டால், விலை உயர்ந்த துணியும் வீண். பிரிட்டனின் கார்டிஃப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், ஒரே துணியால் பல இடங்களைத் துடைக்கும்போது அது கிருமியை இடம் மாற்றுவதைக் கண்டார்கள். ஒரு துணி, ஒரு பரப்பு, ஒரே திசை என்றார்கள். குப்பை பெருகுமே என்றால், ஆம், பெருகும். இந்தத் துணிகள் பலவற்றில் பிளாஸ்டிக் இழை இருக்கிறது. அதற்காக ஒன்றையே அறை முழுக்க இழுப்பதைவிட, நோயாளியின் கை படாத சுவருக்கும் தரைக்கும் வைப்ஸைத் தவிர்த்துத் துவைத்துப் பயன்படுத்தும் துணியை வைத்துக்கொள்ளலாம். வாங்கிய டப்பாவின் மூடியையும் உடனுக்குடன் அழுத்தி மூட வேண்டும். திறந்து கிடந்தால் மேலே இருக்கும் துணிகள் காய்ந்துவிடும், லேபிள் கேட்கிற ஈரத்தை அவற்றால் தர முடியாது.