மிருக வைத்தியக் கல்விக்கு முன்னாயத்தம்

மாத்தளை மாவட்டத்தின் கிழக்கே, நக்கிள்ஸ் மலைத்தொடருக்கு அப்பால், லக்கலப் பிரதேசத்தில் அமைந்துள்ளது பல்லேகம. நெல்லும் சேனைப் பயிரும் மாடும் எருமையும் அங்குள்ளோர் வாழ்வுக்கு ஆதாரம். பட்டி மாடுகளோடு வளரும் பிள்ளை, பசு கன்று ஈனுவதைச் சிறுவயதிலேயே கண்டிருக்கும். தீனி மறுத்து ஒதுங்கி நிற்கும் எருமையைப் பார்த்த அளவிலேயே நோயென அறியும். அத்தகைய பிள்ளை மிருக வைத்தியராக விரும்பின், அதற்குரிய ஆயத்தம் யாது?

இலங்கையில் இத்துறைப் பட்டக்கல்வி 1947இல் தொடங்கிற்று. அதற்கு முன்னர் இதனை நாடியோர் கடல் கடந்து செல்லவேண்டியிருந்தது. சென்னையில் 1903ஆம் ஆண்டிலேயே மிருக வைத்தியக் கல்லூரி நிறுவப்பட்டிருந்தது. பேராதனைப் பல்கலைக்கழகத்தின் மிருக வைத்தியப் பீடம் 1980இல் தனிப் பீடமாயிற்று.

ஐக்கிய அமெரிக்காவிற் பள்ளிப்படிப்பை முடித்தவர் நேரே மிருக வைத்தியக் கல்லூரியிற் புகுவதில்லை. பொதுவாக மூன்று நான்கு ஆண்டுகள் பல்கலைக்கழகத்தில் உயிரியல், இரசாயனம், பௌதிகம், புள்ளிவிவரவியல் முதலியவற்றைக் கற்கின்றனர். பண்ணையிலும் வைத்தியசாலையிலும் விலங்குகளோடு பழகிய காலத்தையும் மணிக்கணக்கிட்டு விண்ணப்பத்திற் காட்டுகின்றனர். இலங்கையிலோ அவ்வாயத்தம் முழுவதும் க.பொ.த. உயர்தர வகுப்பினுள் அடங்கிவிடுகிறது. உயிரியல், இரசாயனவியல், பௌதிகவியல் ஆகிய மூன்று பாடங்களிற் பெறும் இசட் புள்ளியே வாயிலைத் திறக்கும். மாட்டை அறிந்த அறிவுக்கு ஒரு புள்ளியேனும் இல்லை.

இங்குதான் பல்லேகமப் பிள்ளைக்கு இடர் நேர்கிறது. உயர்தர விஞ்ஞானப் பிரிவு எல்லாப் பாடசாலைகளிலும் இல்லை. தொலைக்கிராமத்து மாணாக்கர் பலர் ஊரைவிட்டுச் சென்றே கற்க நேர்கிறது. அனுமதியில் ஒரு பகுதி மாவட்ட அடிப்படையில் வழங்கப்படுவது உண்மையே. ஆயினும் மாவட்டமென்னும் கணக்கில் மாத்தளைப் பட்டினத்துப் பெரிய பாடசாலையும் மலைக்கப்பாலுள்ள சிற்றூரும் ஒன்றே. பின்தங்கியனவாகக் கொள்ளப்பட்டுத் தனி இடவொதுக்கீடு பெறும் பதினாறு மாவட்டங்களுள் மாத்தளை சேரவில்லை. மாவட்டத்துக்குள்ளேயே உள்ள ஏற்றத்தாழ்வை இம்முறை காணத் தவறுகிறது.

அதற்காக அம்மூன்று பாடங்களும் வெறுந்தடை என்று எண்ணுதல் பிழை. தொண்டை அடைப்பான் என்னும் நோய் உலர்வலயத்து எருமைகளைச் சில மணி நேரத்தில் வீழ்த்தவல்லது. தொண்டை வீங்குவதையும் மூச்சுத் திணறுவதையும் ஊரார் அறிவர். அதன் காரணம் ஒரு பற்றீரியம் என்பதும், தடுப்பூசியால் உடலில் எதிர்ப்புச் சத்தி உண்டாகும் என்பதும் உயிரியலால் விளங்குவன. அசைபோடும் விலங்கின் முதல் இரைப்பையில் வாயு தேங்கி வயிறு ஊதுவது ஏன் என்பதை நொதித்தலைக் கற்றவரே தெளிவர். கண்டறிந்ததற்குக் காரணம் காணுதலே இவ்வாயத்தத்தின் உட்பொருள்.

மொழியும் ஒரு தடையே. உயர்தரம்வரை தமிழிலோ சிங்களத்திலோ கற்றவர், பீடத்தில் ஆங்கிலத்திற் கற்கவேண்டும். எனவே உடலுறுப்புக்கள், நோய்கள் ஆகியவற்றின் ஆங்கிலப் பெயர்களை உயர்தர வகுப்பிலேயே பழகத் தொடங்குதல் நன்று. விடுமுறை நாட்களில் அரசாங்க மிருக வைத்தியர் பட்டிகளுக்குத் தடுப்பூசி இட வரும்போது, அனுமதி பெற்று உடன்சென்று காணலாம். பரீட்சைக்கு அஃது உதவாது. பட்டினத்து மாணாக்கர் பலருக்கோ அவ்வாய்ப்பு எளிதிற் கிட்டாது.