வீரமும் விலைவாசியும்

சென்னையிலிருந்து பூவிருந்தவல்லி நெடுஞ்சாலை வழியே மேற்கே செல்பவர்கள் வேலப்பன்சாவடியைக் கடந்து போகிறார்கள். வழிநடந்து களைத்தவர்கள் சாவடிகளில் இளைப்பாறிச் சென்ற காலத்தை ஊரின் பெயர் இன்றும் நினைவூட்டுகிறது. அச்சாலை மேலும் நீண்டு காஞ்சீபுரத்தை நோக்கிச் செல்கிறது. காஞ்சீபுரத்தை அடுத்த கீழ ஒட்டிவாக்கம் கிராமத்தில் பிறந்தவர்தாம் சுபேதார் சுப்பிரமணியன். 1944-ம் ஆண்டு பிப்ரவரி 24-ந் தேதி, இத்தாலி தேசத்து மிக்னானோவில், வெடிக்கவிருந்த கண்ணிவெடியின்மீது பாய்ந்து விழுந்து, தம் உயிரைக் கொடுத்துத் தோழர்களைக் காத்தார். மறைவுக்குப் பின் அவருக்கு ஜார்ஜ் சிலுவை அளிக்கப்பட்டது. யுத்தம் அன்னியருடையது; தியாகம் நம்மவருடையது.

சுதந்திர பாரதம் தன் வீரர்களுக்குத் தானே விருது வகுத்துக்கொண்டது. 1950-ம் ஆண்டு ஜனவரி 26-ந் தேதி ஏற்படுத்தப்பட்ட பரம்வீர் சக்கரத்தை இதுவரை பெற்றவர்கள் 21 பேரே; அவர்களில் 14 பேர் அதை அணியவும் உயிரோடு இல்லை. 1987-ல் இலங்கையில் உயிர் நீத்த மேஜர் ராமசாமி பரமேசுவரன் அவர்களில் ஒருவர். 2020-ம் ஆண்டு ஜூன் மாதம் கல்வான் பள்ளத்தாக்கில் மாண்ட ராமநாதபுரம் ஜில்லாவைச் சேர்ந்த ஹவில்தார் பழனிக்கு வீர் சக்கரம் வழங்கப்பட்டது.

நிற்க. பதக்கத்தோடு மாதந்தோறும் ஒரு மானியமும் உண்டு. 2017-ம் ஆண்டு ஆகஸ்டு முதல் இது இரட்டிப்பாக்கப்பட்டது. பரம்வீர் சக்கரத்துக்கு ரூ. 10,000 என்றிருந்தது ரூ. 20,000 ஆயிற்று, மகாவீர் சக்கரத்துக்கு ரூ. 5,000 என்பது ரூ. 10,000 ஆயிற்று, வீர் சக்கரத்துக்கு ரூ. 3,500 என்பது ரூ. 7,000 ஆயிற்று. ஸர்க்காரின் இந்தச் செயலைப் பாராட்டுகிறோம். ஆனால் நேயர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். உபகாரச் சம்பளம் பெறுவோருக்கு விலைவாசியை ஒட்டி வருஷத்துக்கு இருமுறை அகவிலைப்படி கணக்கிடப்படுகிறது. வீர மானியத்துக்கு அந்தப் பாக்கியம் இல்லை. ஸர்க்கார் மனம் வைத்து உத்தரவிடும் வரையில் தொகை நின்ற இடத்திலேயே நிற்கும். அரிசியும் பருப்பும் அப்படி நிற்குமா?

வீரர் மறைந்த பின் மானியம் அவருடைய மனைவிக்குச் சேருகிறது. இதிலும் நெடுங்காலம் ஒரு கொடுமை இருந்தது. அவள் மறுமணம் செய்துகொண்டால், கணவனுடைய சகோதரனை மணந்தால்தான் மானியம் தொடரும். வேறொருவரை மணந்தால் நின்றுவிடும்! 2017-ம் ஆண்டு நவம்பரில்தான் இந்த விதி நீக்கப்பட்டது. நம் மாதர்களைப் பற்றிய எத்தகைய எண்ணம் இத்தனை காலம் காகிதத்தில் குடியிருந்தது என்பதை நாம் மறக்கலாகாது.

பிற தேசத்தைப் பார்ப்போம். பிரிட்டனில் விக்டோரியா சிலுவை பெற்ற சாதாரணச் சிப்பாய்க்கு ஆரம்பத்தில் வருஷத்துக்குப் பத்துப் பவுன். 1959-ல் அது நூறு பவுன் ஆயிற்று. 2015-ல் பத்தாயிரம் பவுனாக உயர்த்தப்பட்டது. பத்திலிருந்து நூறுக்கு வர நூறாண்டுகளுக்கு மேல் சென்றன. தாமதமாக வரும் நீதி, பெற வேண்டியவர்களில் பலரைக் காணாமலே போய்விடும் அல்லவா?

பணத்துக்காகவா வீரன் உயிரைக் கொடுத்தான் என்று சிலர் கேட்கலாம். இல்லை, அதனாலேயே கணக்கைச் சரியாக வைப்பது நம் பொறுப்பாகிறது. அவன் பேரம் பேசவில்லை, நாம் பேசலாமா?

நாம் வேண்டுவது ஒன்றே. வீர மானியமும் அகவிலைப்படியைப் போல் விலைவாசியோடு தானே உயரட்டும். பெறுபவர்கள் மிகச் சிலரே. பொக்கிஷம் இதனால் வற்றிவிடாது. சாவடி கட்டியவர்கள் முன்பின் அறியாத வழிப்போக்கருக்குச் செய்தது தர்மம். நமக்காகக் களத்தில் நின்றவருக்கு நாம் செலுத்துவது தர்மமன்று, கடன். கடனை நாள் கடத்தாமல் கொடுப்பதே மரியாதை.