திரைக்கு வந்த சிங்கம்: ஈர்ப்பும் இடரும்

இளங்கலை இறுதியாண்டு வகுப்பில் ஒருநாள் மெய்ப்பாட்டியல் நடத்திக்கொண்டிருந்தேன். அச்சம் பிறக்கும் நிலைக்களன்கள் நான்கு என வகுத்த தொல்காப்பியர் அவற்றுள் ஒன்றாக விலங்கினை வைத்தார் என்று விளக்கி முடிப்பதற்குள் பின்வரிசை மாணவர் ஒருவர் எழுந்தார். "ஐயா, சினிமாவில் சிங்கம் வருகிறது. அது நம்மீது பாயாது என்று நமக்குத் தெரியும். நடிகர்மீதும் பாயாது, பழக்கின சிங்கம்தானே! அப்படியிருக்க நமக்கு உண்டாவது அச்சமா, மருட்கையா?" என்று கேட்டார். நல்ல வினா. மணி அடித்துவிட்டமையால் அன்று நான் தப்பினேன். ஆயினும் 'பழக்கின சிங்கம்' என்ற அத்தொடர் என்னை விடவில்லை. பழக்குதல் வேறு, பயிற்றுதல் வேறு. இவ்விரண்டையும் ஒன்றெனக் கொண்டு ஒரு குடும்பமே குருதி சிந்தி எடுத்த திரைப்படம் ஒன்று உண்டு. அதனைப் பற்றி எழுதுவதே அம்மாணவருக்கு நான் தரவேண்டிய விடையாகும்.

பயிற்றப்பட்ட விலங்கு குறிப்பறிந்து நிற்கும், திரும்பும், படுக்கும். சாண்டோ சின்னப்பா தேவரின் 'நல்ல நேரம்' (1972) படத்தில் நாம் கண்டு மகிழ்ந்த யானைகள் இவ்வகையின. பயிற்சியும் முழுக்காவல் ஆகாது என்பதற்கு, லாஸ் வேகாஸ் மேடையில் பல்லாண்டுகள் புலிகளோடு நிகழ்ச்சி நடத்திய ராய் ஹார்ன், 2003 அக்டோபர் 3 அன்று தம் வெள்ளைப் புலியாலேயே கழுத்தில் கவ்வப்பட்டமை சான்றாகும். ஆனால் பழக்கம் மட்டுமே பெற்ற விலங்கின் நிலை இன்னும் இடர் மிக்கது. காட்டுச் சிங்கம் பெரும்பாலும் மனிதனைக் கண்டு ஒதுங்கும். பயிற்றிய சிங்கம் ஏவலுக்கு அடங்கும். வீட்டில் பால் குடித்து வளர்ந்து, ஏவலேதும் கல்லாத சிங்கத்துக்கோ ஒதுக்கமும் இல்லை, அடக்கமும் இல்லை. கூச்சம் நீங்கிய வலிமை என்று அதனைச் சொல்லலாம்.

பின்னர் ஏன் இயக்குநர்கள் அதனை நாடினார்கள்? பயிற்றிய விலங்கின் பார்வை அடிக்கடி திரைக்கு வெளியே செல்லும். அங்கே இறைச்சித் துண்டோடு பயிற்சியாளர் நிற்பார். பார்ப்பவர் அதனை அறிந்து சொல்ல மாட்டார், ஆனால் உணர்வார். பயிற்றாத விலங்கு எவரையும் நோக்கி நடிப்பதில்லை. அதன் சோம்பலும் சினமும் மெய்யானவை. பொய்யை மெய்போல் காட்டும் கலைக்குள் ஓர் உயிர் மட்டும் மெய்யாகவே நடமாடுகிறது. அந்த ஈர்ப்பை நான் குறைத்து மதிப்பிடவில்லை.

அந்த ஈர்ப்பு நல்ல வடிவம் பெற்ற படம் 'பார்ன் ஃப்ரீ' (1966). ஜாய் ஆடம்சன் எழுதிய எல்சா என்னும் பெண்சிங்கத்தின் வரலாறு அது, கென்யாவில் படமாயிற்று. ஜாயின் கணவர் ஜார்ஜ் ஆடம்சனே ஆலோசகராக இருந்தார். நடிகர்களான வர்ஜீனியா மெக்கென்னாவும் பில் டிராவர்சும் படப்பிடிப்பிற்கு முன்பே சிங்கங்களோடு நடந்தும் அமர்ந்தும் பழகினர். அவ்வளவு முன்னேற்பாடு இருந்தும், ஒரு சிங்கம் விளையாட்டாகத் தாவியதில் மெக்கென்னாவின் கணுக்கால் முறிந்தது. படம் முடிந்ததும் மூன்று சிங்கங்களை ஆடம்சன் காட்டு வாழ்வுக்குத் திருப்ப முயன்றார். அவற்றுள் ஒன்றாகிய 'பாய்' 1971-இல் முகாம் பணியாளர் ஒருவரைக் கொன்றது. தாம் வளர்த்த அதனை ஆடம்சன் தம் கையாலேயே சுட நேர்ந்தது. (சிங்கங்களோடு வாழ்நாளைக் கழித்த ஆடம்சன் 1989-இல் கொள்ளையரின் துப்பாக்கிக்கு இரையானார். தொல்காப்பியர் அச்சத்துக்கு விலங்கோடு கள்வரையும் சேர்த்தே சொன்னார் என்பது இங்கு நினைவுக்கு வருகிறது.)

இனி நான் குறிப்பிட்ட படத்துக்கு வருகிறேன். அதன் பெயர் 'ரோர்'. கர்ச்சனை என்பது பொருள். ஹிட்ச்காக்கின் 'தி பேர்ட்ஸ்' (1963) படத்தின் நாயகியான டிப்பி ஹெட்ரனும் அவருடைய கணவர் நோயல் மார்ஷலும் 1970-ஐ ஒட்டிய ஆண்டுகளில் மொசாம்பிக் நாட்டின் கோரங்கோசா சரணாலயத்துக்குச் சென்றனர். அங்கே மனிதர் கைவிட்ட வீடொன்றில் சிங்கங்கள் குடியேறியிருந்தன. சன்னலிலும் திண்ணையிலும் சிங்கங்கள்! இவ்வியப்பே கதையாயிற்று. ஆப்பிரிக்காவில் சிங்கங்களோடு வாழும் ஆய்வாளர் ஒருவர். அவரைக் காண வரும் மனைவி மக்கள். அவர் இல்லாத வேளையில் வீடு நிறையச் சிங்கங்கள். அவ்வளவே கதை.

பயிற்சியாளர்களிடம் முப்பது நாற்பது சிங்கங்கள் வேண்டும் என்று கேட்டபோது அவர்கள் கையை விரித்துவிட்டனர். வேற்றுக் கூட்டத்துச் சிங்கங்களை ஒன்றாக விட்டால் அவை ஒன்றையொன்று கிழிக்கும் என்பது அவர்களின் பட்டறிவு. சிங்கத்தை அறிய வேண்டுமானால் சிங்கத்தோடு வாழுங்கள் என்று ஒருவர் சொன்ன அறிவுரையை இவர்கள் சொல்லுக்குச் சொல் மேற்கொண்டனர். லாஸ் ஏஞ்சலிஸ் நகர வீட்டுக்குள் நீல் என்ற ஆண்சிங்கம் வந்து உலவியது. 1971-இல் 'லைஃப்' இதழுக்காக எடுக்கப்பட்ட நிழற்படங்கள் இன்றும் காணக் கிடைக்கின்றன. அவற்றுள் ஒன்றில், நீச்சல் குளத்தில் குதிக்கும் ஹெட்ரனின் மகள் மெலனி கிரிஃபித்தின் காலைச் சிங்கம் எட்டிப் பிடிக்கிறது. அச்சிறுமிக்கு அப்போது பதினான்கு வயதுகூட நிறைந்திருக்குமோ என்னவோ. நானும் பிள்ளைகளைப் பெற்றவன். அப்படத்தை நெடுநேரம் பார்க்க இயலவில்லை.

வேண்டாமென விலக்கப்பட்ட குட்டிகளை வாங்கியும் பெற்றும் வளர்த்தமையால் தொகை பெருகியது. நகருக்கு வடக்கே சோலடாட் பள்ளத்தாக்கில் நிலம் வாங்கி, ஆப்பிரிக்க வீட்டைப் போன்ற அரங்கம் எழுப்பினர். சிங்கம், புலி, சிறுத்தை, யானை எனச் சற்றேறக்குறைய 150 விலங்குகள் அங்கு வாழ்ந்தன. 1976 அக்டோபரில் படப்பிடிப்புத் தொடங்கியது. ஆறே மாதங்களில் முடியும் என்பது திட்டம், மூன்றாண்டுகள் ஆயின. விலங்குகள் எப்போது என்ன செய்யும் என்று தெரியாமையால், ஒரே நேரத்தில் எட்டுக் கேமராக்கள் வரை ஓட விட்டுக் காத்திருந்தனர். தம் விருப்பம் போலவே நடந்துகொண்ட விலங்குகளுக்கும் எழுத்திலும் இயக்கத்திலும் பங்குண்டு என்று படத்தின் தொடக்கத்திலேயே அறிவித்தனர். வேடிக்கையாகச் சொல்லப்பட்டாலும் அது உண்மை.

இங்கே ஒரு முரண்பாட்டை மாணவர்கள் கூர்ந்து நோக்க வேண்டும். சிங்கத்தின் முன் ஓடாதே, விழாதே, முதுகு காட்டாதே என்பவை அவற்றோடு பழகுவோர் கற்கும் முதற்பாடங்கள். ஓடுவது எதுவாயினும் துரத்துதல் பூனைக் குலத்தின் இயல்பு. ஆனால் கதை கேட்பது என்ன? அஞ்சிய தாயும் பிள்ளைகளும் அலறி ஓட வேண்டும், இடறி விழ வேண்டும், பீப்பாய்க்குள் ஒளிய வேண்டும். எதைச் செய்யலாகாதோ அதனையே அன்றாடம் செய்வது நடிப்பாயிற்று. அச்சிங்கங்கள் பகையால் கடித்தன அல்ல. பெரும்பாலும் அவை விளையாடின. 200 கிலோ எடையுள்ள ஓர் உயிர் விளையாட்டாகத் தட்டினாலும் மனிதத் தோல் தாங்காது.

தாங்கவில்லை. படப்பிடிப்புக் குழுவினருள் ஏறத்தாழ 70 பேர் காயமுற்றதாகக் கணக்கிடப்பட்டது. ஒளிப்பதிவாளர் யான் டி போன்ட் தரையில் குழி தோண்டி அதனுள் கேமராவோடு இருந்தபோது, ஒரு பெண்சிங்கம் அவருடைய தலைத்தோலைப் பின்புறமிருந்து உரித்தெடுத்தது, 220 தையல்கள். அவர் தேறி வந்து அப்படத்தையே முடித்துக் கொடுத்தார் என்பது வியப்பு. பின்னாளில் 'ஸ்பீட்' (1994) படத்தை இயக்கியவர் இவரே. மெலனி இடையில் விலகிச் சென்று, பின் மனம் மாறித் திரும்பினார். முகத்தில் நகம் பாய்ந்து அறுவை மருத்துவம் வேண்டியதாயிற்று. மார்ஷலின் புண்கள் அழுகும் நிலைக்குச் சென்றன. ஹெட்ரனை யானை துதிக்கையால் தூக்கியதில் கால் முறிந்தது. இவற்றுள் சில நிகழ்வுகள் வெட்டப்படாமல் படத்திலேயே இடம் பெற்றுள்ளன. சிங்கச் சண்டையில் புகுந்து மார்ஷலின் கை கிழிபடும் காட்சியில் வழிவது சாயம் அன்று.

1978-இல் பெருவெள்ளம் வந்தது. வேலிகள் சரிந்தன; விலங்குகள் வெளியேறின. ராபி என்ற முதன்மைச் சிங்கம் உள்ளிட்ட சில சிங்கங்களைக் காவலர் சுட்டுக் கொன்றனர். அவை செய்த பிழை யாது? வேலிக்குள் பிறந்து, மனிதனை அஞ்சாது வளர்ந்து, வெள்ளத்தில் வேலி போனபோது வெளியே நின்றமை ஒன்றே. 2015-இல் இப்படம் மீண்டும் திரையிடப்பட்டபோது, எடுப்பில் விலங்கு எதற்கும் தீங்கில்லை, மனிதர் எழுபதின்மருக்கே தீங்கு என்று விளம்பரம் செய்தனர். ராபியை அவ்விளம்பரம் எண்ணிக்கையில் கொள்ளவில்லை.

வீடுகளை விற்றும், தாம் நிர்வாகத் தயாரிப்பாளராக இருந்த 'எக்ஸார்சிஸ்ட்' (1973) தந்த வருவாயைக் கொட்டியும் மார்ஷல் எடுத்த இப்படத்துக்கு ஆன செலவு 1 கோடியே 70 இலட்சம் டாலர். 1981-இல் வெளியாகி ஈட்டியது ஏறக்குறைய 20 இலட்சம். அடுத்த ஆண்டே கணவன் மனைவியர் மணவிலக்குப் பெற்றனர். சிங்கங்கள் என்ன ஆவது? ஹெட்ரன் அவற்றைக் கைவிடவில்லை. 1983-இல் அறக்கட்டளை நிறுவி, அந்நிலத்தையே 'ஷாம்பாலா' என்ற காப்பகமாக்கினார். குழந்தைகள் இருந்த வீட்டில் சிங்கத்தை உலவ விட்டது பெரும் அறிவீனம் என்று பின்னாளில் வெளிப்படையாக ஒப்புக்கொண்டார். சிங்கம், புலி முதலியவற்றை வீட்டு விலங்குகளாக விற்பதைத் தடுக்க 2003-இல் அமெரிக்கா இயற்றிய சட்டத்துக்காக உழைத்தவர்களுள் அவரும் ஒருவர். தவறு செய்தவரே அதனைத் தடுக்கும் சட்டத்துக்கு வழக்காட வந்தமையால் அவர் சொல்லுக்கு எடை இருந்தது என்பது என் கருத்து.

படம் கலையாக வென்றதா? இல்லை என்பேன். மெய்க்குருதி கண்டவுடன் பார்ப்பவர் உள்ளம் கதையை விட்டுவிடுகிறது. 'இத்தாய் பிழைப்பாளா?' என்று அவர் கேட்பதில்லை. 'இந்த நடிகை பிழைத்தாரா?' என்று கேட்கிறார்.

ஆங் லீ இயக்கிய 'லைஃப் ஆஃப் பை' (2012) இதற்கு மறுதலை. நம் புதுச்சேரியில் தொடங்கும் அக்கதையில் ஒரு சிறுவனும் வங்கப் புலியும் ஒரே படகில் கடலில் தத்தளிக்கின்றனர். பயிற்றிய மெய்ப்புலிகள் சிற்சில காட்சிகளில் மட்டும் வந்தன. ஏனைய யாவும் அவற்றின் அசைவை நுணுகிக் கற்ற ஓவியர்கள் கணினியில் வரைந்தவை. நடிகர் சூரஜ் சர்மா வெற்றிடத்தை நோக்கி அஞ்சினார். அப்புலியை வரைந்த நிறுவனம் 2013 பிப்ரவரியில் நொடித்துப் போனது. அதே மாதத்தில் அப்படம் காட்சி விளைவுகளுக்கான ஆஸ்கார் விருதினைப் பெற்றது. அது வேறு கதை.

என் மாணவர் கேட்ட வினாவுக்கு வருகிறேன். கணினிப் புலியைக் காண்கையில் நமக்கு உண்டாவது மருட்கை; அவ்வப்போது கதைமாந்தனுக்காகக் கொள்ளும் அச்சம். 'ரோர்' படத்தைக் காண்கையில் உண்டாவது கலப்பற்ற அச்சம். அது சிங்கத்தைக் கண்டு வருவதன்று. சிங்கங்கள் சூழ்ந்த வீட்டுக்குள் தம் பிள்ளைகளை அழைத்துச் சென்று, கேமராவை ஓட விட்ட பெற்றோரைக் கண்டு வருவது. விலங்கு, கள்வர் என்று நீளும் தொல்காப்பியரின் பட்டியலில் இதனை எதனுள் அடக்குவது என்று அடுத்த வகுப்பில் அம்மாணவரையே கேட்கலாம் என்றிருக்கிறேன்.