வெள்ளை அங்கிக்கு முன்னே

"எங்கள் பிள்ளை டொக்டராக வரவேண்டும்" என்னும் ஆசை குடிகொள்ளாத இல்லங்கள் எம்மவரிடையே மிகச் சிலவே. க. பொ. த. உயர்தர வகுப்பிலே உயிரியற் பிரிவைத் தெரிந்தெடுத்த நாள் தொட்டு, பாடசாலையும் தனியார் வகுப்பும் பழைய வினாத்தாள்களுமே அப்பிள்ளையின் உலகமாகிவிடுகின்றன. தவளையின் இருதயத்தில் எத்தனை அறைகள் உண்டென்பதைப் பிள்ளை அறியும். ஆனால், நோயுற்றுக் கிடக்கும் ஒரு முதியவரின் கட்டிலருகே பத்து நிமிட நேரமாவது அமர்ந்து பேசியிருக்குமா? இதனையே இன்று நாம் சிந்திக்க விரும்புகின்றோம்.

ஐக்கிய அமெரிக்காவிலே மாணவர் பெரும்பாலும் நான்காண்டுப் பட்டப்படிப்பை முடித்த பின்னரே வைத்தியக் கல்லூரியிற் சேருகின்றனர். அதற்கு முன்னர் வைத்தியசாலைகளிலும் முதியோர் இல்லங்களிலும் தொண்டாற்றி, அவ்வனுபவத்தை விண்ணப்பத்திலே குறிப்பிடுகின்றனர். நல்ல வழக்கமே. ஆயினும், நோயாளியைப் பார்க்கச் சென்றவர் மணிக்கூட்டைப் பார்க்கத் தொடங்கிவிடும் அபாயமும் அதிலுண்டு. எமது நாட்டிலோ வைத்திய பீடத்தின் வாயிலைத் திறப்பது உயர்தரப் பரீட்சையின் இசட் புள்ளி. தொண்டுக்கு அங்கே புள்ளியில்லை. ஆதலின், "புள்ளி தராத வேலைக்குப் பொழுதைச் செலவிடுவானேன்?" என்று பெற்றோர் கேட்பது இயல்பே. அக்கேள்விக்கு விடையாக ஓர் அம்மையாரின் வரலாற்றை இங்கே கூறுவோம்.

சிசிலி சோண்டர்ஸ் 1918ஆம் ஆண்டில் இங்கிலாந்திலே பிறந்தவர். ஒக்ஸ்போர்ட் பல்கலைக்கழகத்திற் கற்றுக்கொண்டிருந்தவர், இரண்டாம் உலக யுத்தம் மூண்டதும் தாதித் தொழிலைப் பயின்றார். முதுகு நோய் அத்தொழிலைத் தொடரவிடவில்லை. எனவே நோயாளரின் குடும்ப நிலையறிந்து உதவும் சமூக சேவை உத்தியோகத்தரானார். அப்பொழுதுதான், புற்றுநோயால் மரணத்தை எதிர்நோக்கியிருந்த டேவிட் தஸ்மா என்னும் போலந்து நாட்டு அகதியைச் சந்தித்தார். உற்றார் அருகில்லாத அம்மனிதருக்கு மருந்து மாத்திரம் போதவில்லை. தம் சொல்லைச் செவிமடுக்க ஒருவர் தேவைப்பட்டார். 1948இல் அவர் இறந்தபொழுது, சிசிலி என்றாவது அமைக்கப்போகும் இல்லத்திலே தாம் ஒரு சாளரமாக இருக்கவேண்டுமெனக் கூறி, 500 பவுணை விட்டுச்சென்றார்.

அதன் பின்னர் சிசிலி, இலண்டனில் மரணத்தறுவாயில் உள்ளோரைப் பராமரித்த புனித லூக்கா வைத்தியசாலையில், மாலை வேளைகளில் சம்பளமின்றித் தொண்டுபுரிந்தார். அக்காலத்தில் பல இடங்களில், நோயாளி வலி தாங்காது வருந்திய பின்னரே மோர்பின் கொடுத்து வந்தனர். இங்கோ, வலி மீண்டும் தலைதூக்குமுன்னரே, நேரந்தவறாது வாய்வழியாகக் கொடுத்தனர். நோயாளர் வேதனையின்றி, விழிப்போடு இருந்ததைச் சிசிலி கண்ணாரக் கண்டார். இறப்போருக்கே தம் வாழ்வை அளிக்க விரும்பிய அவருக்கு, அவர் பணிபுரிந்த சத்திரசிகிச்சை நிபுணர் நோர்மன் பரெட், வைத்தியமே படிக்குமாறு புத்தி கூறினார்.

1951இல், 33ஆவது வயதில், சிசிலி வைத்திய மாணவியானார், 1957இல் வைத்தியரானார். 1967இல் இலண்டனிலே புனித கிறிஸ்தோபர் இல்லத்தைத் திறந்தார். தீராத நோயுடையோரை வலியின்றிப் பேணும் 'ஹொஸ்பிஸ்' இல்லங்கள் பல நாடுகளில் எழுவதற்கு அதுவே முன்மாதிரியாயிற்று. 2005இல் அவர் கண்மூடியதும் அவ்வில்லத்திலேயே. வைத்திய நூல்களைத் திறக்குமுன்னரே, நோயாளரின் கட்டிலருகே அவர் கற்ற பாடத்தின் பயன் இது.

எமது மாணவருக்கும் வாய்ப்புகள் இல்லாமலில்லை. பரீட்சை முடிந்து பல்கலைக்கழக அனுமதி கிடைக்கும்வரை மாதங்கள் பல கழிகின்றன. அக்காலத்தில் சென் ஜோன் அம்புலன்ஸ் படையிலோ செஞ்சிலுவைச் சங்கத்திலோ முதலுதவி பயிலலாம். முதியோர் இல்லத்திலே கண்மங்கியவருக்குப் பத்திரிகை வாசித்துக் காட்டலாம். வைத்தியசாலைப் பொறுப்பாளரிடம் எழுத்துமூலம் அனுமதி பெற்று, எந்த அறைக்குச் செல்வதென்று தெரியாது நிற்கும் ஆச்சிக்கு வழிகாட்டலாம். சிங்களமும் நன்கு அறிந்த பிள்ளையாயின் அதனினும் பெரிய உதவி செய்யலாம். மலைநாட்டுத் தோட்டத்திலிருந்து கொழும்புக்கு அனுப்பப்பட்ட தாயொருத்தி, தன் நோவு எங்கே, எப்பொழுது தொடங்கியதென்பதைத் தமிழிலன்றிச் சொல்ல அறியாள். அவள் சொல்வதைக் கூட்டாமலும் குறைக்காமலும் எடுத்துரைக்கும் பிள்ளை, நோயறியும் கலையின் முதற்பாடத்தைக் கற்றுவிடுகின்றது.

இத்தொண்டுக்கு வரம்புகளும் உண்டு. ஊசி போடுதல், புண்ணுக்கு மருந்து கட்டுதல், "இன்ன மருந்து நல்லது" எனக் கூறுதல் ஆகியன மாணவரின் வேலையல்ல. எவரேனும் செய்யச் சொன்னாலும் பணிவாக மறுத்தல் வேண்டும். கட்டிலருகே கேட்டது வீட்டுத் திண்ணைக்கு வரலாகாது. கைத்தொலைபேசியிற் படம்பிடித்தல் அறவே கூடாது. சவர்க்காரமிட்டுக் கை கழுவாது நோயாளரை அணுகலாகாது. தடிமன், காய்ச்சல் கண்ட நாளில் வீட்டில் நிற்பதே சேவை.

பெற்றோருக்கும் ஒரு வார்த்தை. இரத்தத்தையும் புண்ணையும் அழுகையையும் நேரிற் கண்ட பின்னர், "இது எனக்கேற்ற தொழிலன்று" என உங்கள் பிள்ளை கூறக்கூடும். மனமுடையவேண்டாம். ஐந்தாண்டு படித்த பின்னர் அறிவதிலும் இன்றே அறிவது நன்று. "இதுவே என் வழி" என்று திரும்பிவரும் பிள்ளையோ, எதற்காகப் படிக்கின்றோம் என்பதை அறிந்து படிக்கும். நாளை அப்பிள்ளையின் முன்னே வந்து அமரப்போகும் நோயாளி நீங்களாகவோ நாமாகவோ இருக்கலாம். அன்று எமது சொல்லைப் பொறுமையோடு கேட்கும் ஒரு வைத்தியர் வேண்டுமாயின், இன்று வாரத்தில் ஒரு மாலைப் பொழுதை அப்பிள்ளைக்கு மனமுவந்து விட்டுக்கொடுப்போமாக.